13-ஆம் வாரம்

மாரடைப்புக்குப் பின் தரப்படும் உடற்பயிற்சி பல இடங்களில் 12 வாரம். அதுவரை அருகில் ஒருவர் நின்று நாடி பார்க்கிறார். 13-ஆம் வாரம் யாருமில்லை. மழை, கல்யாணம், முழங்கால் வலி என்று நடை நின்றுபோவது அப்போதுதான். சேர்த்த பலமோ சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். மாத்திரையை நிறுத்தப் பயப்படுகிறவர்கள்கூட நடையை நிறுத்தப் பயப்படுவதில்லை!

லண்டன் பஸ்களைப்பற்றி டாக்டர் ஜெர்ரி மாரிஸ் 1953-இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறியிறங்கிய கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாயிருந்தது. வேலையே அவர்களை நடக்கவைத்தது. ஆகையால் வீடு திரும்புகிறவர்களிடம் நான் கேட்பது: "ஐயா, தினமும் நீங்கள் போயே ஆகவேண்டிய இடம் எது?" ஆலயமோ, பால் பூத்தோ, அங்கே நடந்தே போகட்டும். மூச்சிரைக்காமல் பேசமுடிகிற வேகம். டாக்டர் அனுமதித்தால் வாரம் 150 நிமிடம். நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்தி உதவி கேட்கவேண்டும். உங்கள் சபையில் இப்படி ஒருவர் இருந்தால், மாலையில் நீங்களும் கூடப் போங்கள்.