அரைமணிச் சூட்டில் காணாமல் போகும் கூட்டாளி

வைரஸை ஆன்டிபாடி எவ்வளவு அடக்குகிறது என்று அளக்கும் ஆய்வகங்களில் முதல் வேலை, ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைப்பது. ஆன்டிபாடி அந்தச் சூட்டைத் தாங்கிவிடும். அதே சீரத்தில் இருக்கும் ‘காம்ப்ளிமென்ட்’ என்ற புரதக் கூட்டம் செயலிழந்துபோகும். சோதனை முடிவு ஒரே சீராக வர இப்படிச் செய்கிறார்கள், நியாயம்தான். ஆனால் உடம்புக்குள் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. அங்கே இரண்டும் சேர்ந்துதான் வேலை பார்க்கின்றன.

இந்தச் சூட்டு வித்தை 1895இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்திலிருந்து வந்தது. ஜூல் போர்டே என்ற பெல்ஜியக்காரர், காலராக் கிருமிக்கு எதிரான சீரத்தைச் சுமார் 55 டிகிரிக்குச் சூடாக்கினார். கிருமியைக் கொல்லும் திறன் போய்விட்டது. காலரா பக்கமே போகாத விலங்கின் புதுச் சீரத்தைக் கொஞ்சம் சேர்த்தார். போன திறன் திரும்பி வந்தது. எதிரியை அடையாளம் காட்ட ஒன்று, அடிக்க இன்னொன்று என்று புரிந்தது.

வைரஸிலும் இதைக் கண்ணால் பார்க்க 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பார்த்தவர்களில் ஒருவர் ஜூன் அல்மெய்டா. கிளாஸ்கோவில் பஸ் டிரைவரின் மகள், 16 வயதில் பள்ளியை விட்டு ஆய்வக வேலைக்குப் போனவர். ‘கொரோனா’ என்ற பெயருக்குக் காரணமான குழுவில் இருந்தவரும் இவரே. எடுத்துக்கொண்டது கோழிகளைத் தாக்கும் ‘ஐ.பி.’ வைரஸ். முட்டை குறைந்து, ஓடு கோணிப்போகும் அந்த நோயைப் பண்ணைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். சூடாக்காத எதிர்ச்சீரத்தில் வைத்த வைரஸை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அதன் உறையில் வட்ட வட்டமாக ஓட்டைகள்!

ஓட்டை விழுவதற்கு முன் நடப்பதுதான் சுவையானது. காம்ப்ளிமென்ட்டின் முதல் புரதம் சி1கியூ, ஆறு தலை விரிந்த பூங்கொத்து மாதிரி இருக்கும். ரத்தத்தில் சும்மா மிதக்கும் ஒற்றை ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடியை அது சட்டை செய்யாது. வைரஸின் மேல் பல ஆன்டிபாடிகள் நெருக்கமாக உட்கார்ந்து வால் நீட்டினால்தான் இறுகப் பற்றும். ஐந்து அலகு சேர்ந்த ஐ.ஜி.எம். என்றால், வைரஸில் ஒட்டிய ஒன்றே போதும். பற்றியதும் அடுத்தடுத்த புரதங்கள் வெட்டுப்படுகின்றன. அப்படி வெட்டுப்பட்ட சி3பி, வைரஸோடு வேதிப் பிணைப்பாகவே ஒட்டிக்கொள்கிறது. விழுங்கும் செல்களுக்கு அதுவே அழைப்பு. கடைசியில் சி9 புரதங்கள் வளையமாகக் கூடி, சுமார் 10 நானோமீட்டர் அகலத்தில் உறையைத் துளைக்கின்றன.

மாட்டுக்கு வரும் கோமாரி வைரஸுக்குக் கொழுப்பு உறையே இல்லை. துளைக்க ஒன்றுமில்லை, மேலே பூசி, விழுங்க வைப்பதுதான் வழி. உறை இருந்தாலும் ஓட்டை கட்டாயமில்லை. ஆன்டிபாடி ஒட்டிய ஹெர்ப்பிஸ் வைரஸைக் காம்ப்ளிமென்ட்டின் சி1, சி4 என்ற இரண்டு புரதங்களே முடக்குவதை 1969இல் காட்டினார்கள். என் கணக்கில், ஓட்டையைவிட இந்தப் பூச்சுதான் பெரிய ஆயுதம்.

வைரஸ்களும் சும்மா இருப்பதில்லை. நம் செல்களைக் காம்ப்ளிமென்ட் துளைத்துவிடாமல் காக்கும் சிடி59 புரதத்தை, எச்.ஐ.வி. வெளியேறும்போது தன் உறையில் சுருட்டிக்கொண்டு போகிறது. அம்மை குத்தப் பயன்பட்ட வாக்ஸினியா வைரஸோ, சி3பியை முடக்கும் புரதத்தைத் தானே தயாரிக்கிறது. பெரியம்மை வைரஸிடமும் அதே மாதிரி ஒரு புரதம் உண்டு. வேறுபடுவது 11 அமினோ அமிலங்களில் மட்டும். 2002இல் ஒப்பிட்டபோது, மனிதரின் சி3பியை முடக்குவதில் பெரியம்மையின் புரதம் சுமார் 100 மடங்கு வலுவாக இருந்தது. பெரியம்மை மனிதரைத் தவிர வேறெந்த உயிரிடமும் தங்கியதில்லை.