வெள்ளித்திரையும் வீட்டுத்திரையும்

"இந்தப் படத்திற்குத் தியேட்டருக்குப் போகலாமா?" என்று நாம் கேட்டால், "ஒரு மாதம் பொறு, வீட்டிலேயே வந்துவிடும்" என்று பதில் வருகிறது. சீட்டுப் பணம் மிச்சம், பேருந்துக் கட்டணம் மிச்சம், அலைச்சலும் மிச்சம். பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், ஒரு மாதம் பொறுத்திருந்து அதே படத்தை வீட்டில் பார்க்கும்போது, அதே கதை, அதே நடிகர்கள், அதே பாட்டு எல்லாம் இருந்தும் எதையோ தவறவிட்டது போன்ற ஓர் எண்ணம் நமக்கு வருகிறது. அந்த 'எதையோ' என்பது என்ன? அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெட்டிக்குள் பிறந்த படம்

சினிமா பிறந்தபோது அது பலர் கூடிப் பார்க்கும் காட்சியாக இருக்கவில்லை என்று சொன்னால் பலரும் வியப்படைவர். அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் ஆல்வா எடிசனின் ஆய்வுக்கூடத்தில் உருவானது 'கினெட்டோஸ்கோப்' என்னும் கருவி. அது சுமார் 4 அடி உயரமுள்ள ஒரு மரப்பெட்டி. அதன் மேற்புறத் துளையில் கண்ணை வைத்து, ஒரு சமயத்தில் ஒருவர் மட்டுமே பார்க்க முடியும். 1894 ஏப்ரல் 14 அன்று நியூயார்க் நகரில் இத்தகைய 10 பெட்டிகளைக் கொண்ட ஒரு காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. மக்கள் காசு கொடுத்து, ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்துச் சென்றனர். படம் அரை நிமிடம்கூட ஓடாது!

அடுத்த ஆண்டே பிரான்சு நாட்டு லூமியேர் சகோதரர்கள் வேறு வழி கண்டனர். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரின் 'கிராண்ட் கபே' என்னும் விடுதியில், 10 சிறிய படங்களைத் திரையில் பெரிதாக விழச் செய்து காட்டினர். அன்று கட்டணம் செலுத்திப் பார்த்தவர்கள் 33 பேர்தாம். ஆனால் அந்த 33 பேரும் ஒரே சமயத்தில் ஒரே காட்சியைக் கண்டு ஒன்றாக வியந்தனர். படத்தைப் பெட்டியிலிருந்து விடுவித்து எல்லார் முன்னும் வைத்ததே அச்சகோதரர்கள் செய்த அரிய செயல்.

நம் தமிழகத்திலும் இக்கலையை ஊர் ஊராகக் கொண்டு சென்ற ஒருவரை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும். கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றியவர். 1905-ஆம் ஆண்டு, டுபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில பேசாத படங்களையும் விலைக்கு வாங்கினார். அவற்றுள் இயேசுபிரானின் வாழ்க்கைப் படமும் ஒன்று. வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தைச் சுமந்துகொண்டு பல ஊர்களுக்கும் சென்று படம் காட்டினார். பின்னர் 1914-இல் கோவையில் 'வெரைட்டி ஹால்' என்னும் நிலையான கொட்டகையை அமைத்தார். ஆக, நம் ஊர்களுக்குச் சினிமா வந்தபோது, கூடாரத்தோடும் கூட்டத்தோடும்தான் வந்தது.

திரையின் அளவுதான் காரணமா?

"தியேட்டரில் திரை பெரிது, அதனால்தான் நன்றாக இருக்கிறது" என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 அடி அகலமுள்ள திரையை 80 அடி தூரத்தில் அமர்ந்து பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தூரத்தில் பாதி, திரையின் அகலம். இனி, 6 அங்குல நீளத் திரையுள்ள கைப்பேசியைப் படுக்கைவாட்டில், முகத்திலிருந்து ஓரடி, அதாவது 12 அங்குலத் தூரத்தில் பிடிக்கிறோம். இங்கும் தூரத்தில் பாதிதான் திரையின் அகலம்! நம் கண்ணுக்குள் விழும் உருவத்தின் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே.

அப்படியானால் ஒளியா? அளந்து பார்த்தால், கொட்டகையின் வெண்திரையைவிட நம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே பல மடங்கு பிரகாசமானது. ஆனால் கொட்டகையில் சுற்றிலும் இருள். திரையைத் தவிரக் கண்ணுக்கு வேறு வேலையே இல்லை. வீட்டிலோ சுவர்க் கடிகாரம், நாட்காட்டி, சன்னல், காயப்போட்ட துணி எல்லாம் நம்மைப் பார் பார் என்கின்றன.

ஒலியில் மெய்யாகவே வேறுபாடு உண்டு. கொட்டகைத் திரையில் பொடிப் பொடியாக ஆயிரக்கணக்கான துளைகள் இருப்பது பலருக்குத் தெரியாது. ஒலிபெருக்கிகள் திரைக்குப் பின்னால் இருப்பதால், நடிகரின் குரல் அத்துளைகளின் வழியே அவர் வாயிலிருந்தே வருவதுபோல் கேட்கிறது. இடி இடித்தால் காதில் மட்டுமன்றி நெஞ்சிலும் அதிர்கிறது. எனினும் வசதி படைத்தோர் இக்காலத்தில் வீட்டிலேயே பெரிய திரையும் நல்ல ஒலிபெருக்கிகளும் அமைத்து, விளக்கையும் அணைத்துக்கொள்ள முடியும். அப்படிச் செய்தாலும் அந்த 'எதையோ' கிடைத்துவிடுவதில்லை. ஆகவே, காரணத்தைக் கருவிகளில் மட்டும் தேடினால் போதாது.

யாருக்காகவும் நிற்காத படம்

கொட்டகையில் படம் யாருக்காகவும் நிற்பதில்லை. தாகம் எடுத்தாலும், தூக்கம் வந்தாலும், சோகக் காட்சியைத் தாங்க முடியாவிட்டாலும் அது தன் போக்கில் ஓடுகிறது. நாம்தாம் அதற்கு இணங்கி அமர்ந்திருக்கிறோம். மெதுவாக நகரும் கட்டத்தில் பொறுமை கற்கிறோம். அந்தப் பொறுமைக்குப் பரிசாகப் பின்னால் வரும் காட்சி மனத்தில் ஆழப் பதிகிறது. வீட்டிலோ நிறுத்தும் பொத்தானும் ஓட்டும் பொத்தானும் நம் விரல் நுனியில் இருக்கின்றன. பத்து நிமிடம் சுவைக்கவில்லையென்றால் வேறொரு படத்திற்குத் தாவுகிறோம். இறுதியில் நான்கு படங்களின் தொடக்கத்தைப் பார்த்து, ஒன்றையும் முழுமையாகப் பாராமல் எழுந்திருக்கிறோம்.

இன்னொன்று, உடனிருப்போர். முன்பின் அறியாத இருநூறு பேர் ஒரே நொடியில் சிரிக்கும்போது அச்சிரிப்பு நம்மையும் தொற்றிக்கொள்கிறது. தனியே பார்த்தால் புன்னகையோடு முடிந்திருக்கும் நகைச்சுவை, அங்கே வயிறு குலுங்கவைக்கிறது. நம் பாட்டிமார் காலத்து டூரிங் டாக்கீஸில் தரைக்கு ஒரு கட்டணம், பெஞ்சுக்கு ஒரு கட்டணம், நாற்காலிக்கு ஒரு கட்டணம் என்ற பிரிவு இருந்தது உண்மையே. ஆனால் சிரிப்புக்கும் கண்ணீருக்கும் அங்கே பிரிவு இருக்கவில்லை.

அம்மா பார்த்த படம்

இப்போது நாம் சொல்ல வந்த முக்கியமான செய்திக்கு வருகிறோம். நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் எல்லாரும் கூடிப் படம் பார்க்கிறோம். எல்லாரும் என்றா சொன்னோம்? சற்றே கவனிப்போம். படம் தொடங்கும்போது அம்மா அடுப்படியில் இருக்கிறார். "நீங்கள் பாருங்கள், இதோ வந்துவிட்டேன்" என்கிறார். வந்து அமர்ந்த ஐந்தாம் நிமிடம் குக்கர் விசில் அடிக்கிறது. பிறகு தம்பிக்குத் தண்ணீர், தாத்தாவுக்கு மாத்திரை, வாசலில் அழைப்பு மணி. திரும்பி வந்து, "இந்தப் பெண் ஏன் அழுகிறாள்?" என்று கேட்டால், "அதெல்லாம் அப்போதே வந்துவிட்டது, அம்மா! பேசாமல் பாருங்கள்" என்று நாம் சலித்துக்கொள்கிறோம். முடிவுக் காட்சியின்போது அவர் இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்.

நிறுத்தும் பொத்தான் நம் கையில்தான் இருந்தது. ஆனால் நமக்குத் தாகம் எடுத்தபோது அழுத்திய அப்பொத்தானை, அம்மா எழுந்து சென்றபோது நாம் அழுத்தவில்லை.

கொட்டகையில் அப்படி இல்லை. அங்கே அடுப்பும் இல்லை. அழைப்பு மணியும் இல்லை. இரண்டரை மணி நேரம் அம்மாவும் நம்மைப் போலவே ஒரு நாற்காலியில் அமர்கிறார்; கதையை முதலிலிருந்து கடைசிவரை பார்க்கிறார். தம் காலத்தில் பார்த்த படங்களை நம் பாட்டிமார் காட்சிக்குக் காட்சி இன்றும் சொல்வதன் இரகசியம் இதுவே. மாட்டுவண்டியிலோ கால்நடையாகவோ அக்கம்பக்கத்துப் பெண்களோடு சேர்ந்து போய், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு பார்த்தாலும், அந்த நேரம் அவர்களுக்கே உரிய நேரமாக இருந்தது. வீட்டுத்திரை வந்தபோது வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அலைச்சல் மிச்சமாயிற்று. அம்மாவுக்கு இருந்த ஓய்வுதான் பறிபோயிற்று.

வீட்டுத்திரையின் நன்மைகள்

இவ்வாறு கூறுவதால் வீட்டுத்திரையை நாம் வெறுப்பதாக எண்ண வேண்டா. அசிசி நகர்ப் புனித கிளாரம்மாள் நோயுற்றுப் படுக்கையில் கிடந்த ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில், கோவிலில் நடந்த திருப்பலியைத் தம் அறையிலிருந்தே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது மரபு. அதனால்தான் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். எவ்வளவு பொருத்தமான தேர்வு! வெளியே செல்ல இயலாத முதியோர், நோயாளிகள், நடக்க இயலாதோர் ஆகியோருக்கு வீட்டுத்திரை ஒரு வரப்பிரசாதம். காது கேளாதோர்க்கு அடியில் ஓடும் எழுத்துகள் துணை செய்கின்றன. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் கொட்டகைகள் மூடப்பட்டபோது, 'பொன்மகள் வந்தாள்', 'சூரரைப் போற்று' ஆகிய படங்கள் கொட்டகைக்கு வராமலே அவ்வாண்டில் இணையம் வழியாக வீடுகளை வந்தடைந்தன.

இன்னொரு நன்மையும் உண்டு. சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அக்காலத்தில் தெருவுக்கு ஓரிரு வீடுகளில்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கும். படம் போடும் நாளில் அண்டை வீட்டார் அனைவரும் அங்கே கூடி, பாய் விரித்துத் தரையில் அமர்ந்து பார்ப்பார்களாம். அதாவது, வீட்டுத்திரையும் தொடக்கத்தில் கூடிப் பார்க்கும் திரையாகவே இருந்தது! வீட்டில் பார்ப்பதால் கூட்டம் கலைந்துவிடும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு இதுவே சான்று.

மீண்டும் பெட்டிக்குள்ளா?

ஆனால் இன்று நடப்பது என்ன? அப்பா ஒரு மூலையில், அண்ணன் ஒரு மூலையில், நாம் போர்வைக்குள். ஆளுக்கொரு கைப்பேசி, காதில் ஆளுக்கொரு கருவி. ஒரே கூரையின்கீழ் நான்கு பேர் நான்கு படம் பார்க்கிறோம். 1894-இல் நியூயார்க்கில் தனித்தனியே பெட்டிக்குள் குனிந்து பார்த்தார்களே, அவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? லூமியேர் சகோதரர்கள் பெட்டியைத் திறந்து வெளியே விட்ட படத்தை நாம் மீண்டும் பெட்டிக்குள் அடைத்துவிட்டோம் எனலாம்.

இதில் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. 18 வயது நிறையாதவர்களை 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்திற்கு அனுமதிக்கக் கூடாது என்பது சட்டம். கொட்டகை வாசலில் அதைக் கவனிக்க ஆள் உண்டு. பெற்றோர் துணையுடன் பார்க்க வேண்டிய 'யு/ஏ' படங்களையும், 2023-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரித்துள்ளது. ஆனால் கைப்பேசிக்கு வாயிற்காவலர் இல்லை. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், வீட்டிற்குள் எது வருகிறது என்பதைக் கவனிக்கும் கடமை பெற்றோருடையது என்று கூறியது. இளைஞராகிய நாம் தன்னடக்கம் பழகி, கண்டவற்றை ஆசிரியர்களோடு கலந்து பேசித் தெளிவு பெற வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. தனியே, மறைவாகப் பார்த்த படத்தைப் பற்றி யாரிடம் பேசுவது? கூடிப் பார்த்த படத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கத்தான் முடியுமா?

முடிவாக, அந்த 'எதையோ' என்பது இப்போது விளங்குகிறது அன்றோ? நாம் தவறவிட்டது பெரிய திரையை அன்று. முழுக் கவனத்தையும், உடனிருப்போரையுமே. இவ்விரண்டையும் வீட்டுக்குள் கொண்டுவரப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை.

ஆண்டிற்கு ஓரிரு முறையேனும் நல்ல படம் ஒன்றைத் தேர்ந்து, குடும்பத்தோடு கொட்டகைக்குச் செல்வோம். வீட்டில் பார்க்கும் நாளில், என்ன படம் என்பதை முன்கூட்டியே எல்லாரும் கலந்து முடிவு செய்வோம். கைப்பேசிகளை அடுத்த அறையில் வைத்து, விளக்கை அணைத்து, தொடங்கியதை முடிக்கும்வரை பார்ப்போம். முடிந்தபின் கால் மணி நேரம் அதைப் பற்றிப் பேசுவோம்.

இவை எல்லாவற்றிற்கும் முன்பாக ஒன்று செய்வோம், தோழியரே! அன்றைய சமையல் வேலையை எல்லாருமாகப் பகிர்ந்து முதலிலேயே முடித்துவிட்டு, அம்மாவை நடு இருக்கையில் அமர்த்திய பிறகே படத்தைத் தொடங்குவோம். இடையில் அவர் எழ நேர்ந்தால் பொத்தானை அழுத்திக் காத்திருப்போம். யாருக்காகவும் நிற்காத படம் கொட்டகையின் பெருமை என்றால், அம்மாவுக்காக நிற்கும் படம் நம் வீட்டின் பெருமையாக இருக்கட்டும்!