கோயில் மனையில் சொந்த வீடு: குத்தகைக் கெடு முடிந்தால்?

ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி போன்ற கோயில் ஊர்களில் வீடு விலைபேசப் போனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது, "அடிமனை யாருது?" என்றுதான். சுவரும் கூரையும் குடியிருப்பவருக்குச் சொந்தம், மண் பெருமாளுக்கோ சிவனுக்கோ சொந்தம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டுக் கோயில் ஊர்களில் பழையது. தாத்தா காலத்துக் குத்தகைப் பத்திரம் பீரோவில் இருக்கும். அதன் கெடு எப்போதோ முடிந்திருக்கும். வாடகைதான் தவறாமல் கட்டுகிறோமே, பிறகென்ன என்று வீட்டில் இருப்பவர்கள் நினைப்பார்கள்.

சட்டம் அப்படி நினைப்பதில்லை. கெடு முடிந்த பின்னும் கோயில் வாடகை வாங்கிக்கொண்டிருந்தால், 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி நீங்கள் பெரும்பாலும் மாதவாடகைக் குடித்தனக்காரர், அவ்வளவுதான். பதினைந்து நாள் நோட்டீசில் அந்த உறவை முடிக்கலாம். மூன்று தலைமுறை இருந்தோம் என்பது இரக்கத்துக்கு உதவும், உரிமைக்கு உதவாது. பன்னிரண்டு வருடம் இருந்தால் இடம் நமக்கே என்று டீக்கடையில் சொல்வார்கள். கோயில் நிலத்தில் அது எடுபடாது. நிலத்தை மீட்கக் கோயில் போடும் வழக்குக்குக் காலவரம்புச் சட்டம் பொருந்தாது என்று 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு கதவைச் சாத்திவிட்டது.

அப்படியானால் குத்தகையை நீட்டிக்க முடியாதா? முடியும், ஆனால் கேட்டால் கிடைத்தே தீரும் என்ற உரிமை கிடையாது. காரணம் மனையின் சொந்தக்காரர். கோயிலில் இருக்கும் தெய்வத்தை நீதிமன்றங்கள் என்றைக்கும் வயதுக்கு வராத மைனராகவே கருதுகின்றன. களவில் பாதியைப் பங்காக வாங்கிக்கொண்டவர் என்று தலபுராணம் சொல்லும் ஸ்ரீவைகுண்டத்துப் பெருமாள் கள்ளபிரானும் சட்டத்தின் கண்ணில் மைனர்தான். மைனர் சொத்தைக் காப்பாளர் இஷ்டத்துக்கு எழுதிக் கொடுக்க முடியாது. அதனால்தான் அதே அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, 5 ஆண்டுக்கு மேற்பட்ட எந்தக் குத்தகைக்கும் ஆணையரின் அனுமதி வேண்டும் என்கிறது. அவர் விவரத்தை வெளியிட்டு ஆட்சேபணை கேட்பார். கோயிலுக்குத் தேவை அல்லது நன்மை என்று பட்டால்தான் அனுமதிப்பார். உங்கள் நன்மை அங்கே கணக்கில் இல்லை. அனுமதி இல்லாத நீண்ட குத்தகை செல்லாது.

இதில் பலர் கவனிக்காத விளக்கவுரை ஒன்று உண்டு. மூன்று ஆண்டுக் குத்தகை எழுதி, "முடிந்ததும் மேலும் மூன்று ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம்" என்று ஒரு வரி சேர்த்தால் மொத்தம் ஆறு ஆகிறது. அதையும் சட்டம் 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையாகவே எடுத்துக்கொள்ளும். பத்திர எழுத்தர் பாதுகாப்புக்கு என்று சேர்க்கும் அந்த வரியே பத்திரத்தைக் கவிழ்த்துவிடும். அதோடு, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் பதிவு செய்தாக வேண்டும்.

வாடகையை நிர்ணயிப்பது 34-ஏ பிரிவு. இணை ஆணையர், கோயிலின் செயல் அலுவலர் அல்லது அறங்காவலர், மாவட்டப் பதிவாளர் மூவரும் அடங்கிய குழு, சந்தை வாடகை மதிப்பைப் பார்த்து நியாய வாடகை வைக்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும். பழைய சில்லறை வாடகையில் இருந்தவர்களுக்கு அந்த உத்தரவு இடி மாதிரி வந்து விழும். கோபத்தில் பணம் கட்டுவதை நிறுத்துவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. 30 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம்; அதன்பின் உயர் நீதிமன்றம். ஆனால் உத்தரவில் சொன்ன தொகையைக் கட்டிய அத்தாட்சி இல்லாமல் மனுவையே எடுக்க மாட்டார்கள். கட்டாமல் இருந்தால் குத்தகை ரத்தாகும். பிறகு காகிதத்தில் நீங்கள் ஆக்கிரமிப்பாளர், 78-ஆம் பிரிவில் வெளியேற்ற நடவடிக்கை வரும்.

ஆகவே புதுப்பிக்கப் போகுமுன் பாக்கியைத் தீர்த்துவிடுங்கள். ரசீதுகளை எடுத்துப் பாருங்கள்: 'வாடகை' என்று போட்டிருக்கிறதா, ஆக்கிரமிப்பாளரிடம் வாங்கும் இழப்பீடு என்று போட்டிருக்கிறதா? இரண்டும் ஒன்றல்ல. ரசீது இன்னும் காலமான அப்பா பெயரிலேயே வந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். அண்ணன் தம்பி தகராறு இருந்தால் அதை முடித்துவிட்டுப் போவது நல்லது. வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும் மனைக்கு உரிமை தராது.

மனையையே கிரயம் கேட்கலாமே என்ற யோசனைக்கு ஒரு காலத்தில் இடம் இருந்தது. 1921-ஆம் ஆண்டு நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், தரையை வாடகைக்கு எடுத்துக் கட்டடம் கட்டியவருக்கு அந்தத் தரையை விலைக்குக் கேட்க, அது அமலில் இருந்த ஊர்களில் வழி வைத்திருந்தது. 1996 திருத்தம் கோயில் நிலங்களை அதிலிருந்து விலக்கியது. மயிலாப்பூர் கிளப் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-ல் அந்தத் திருத்தத்தைச் செல்லும் என்றது.

லண்டனில் ஃபிளாட் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள், "நாங்கள் லீசை நீட்டிவிட்டோமே" என்பார்கள். இங்கிலாந்தில் 1993-ஆம் ஆண்டுச் சட்டம், பணம் கொடுத்து 90 ஆண்டு கூட்டிக்கொள்ளும் உரிமையையே ஃபிளாட்காரருக்குத் தந்தது. மிச்சக் காலம் 80 ஆண்டுக்குக் கீழே இறங்கினால் விலை ஏறும் என்பதால் அதற்கு முன்பே முடித்துக்கொள்வார்கள். சிங்கப்பூர் நம் ஊர் நிலைமைக்குப் பக்கம். அங்கே கேலாங் லோரோங் 3-ல் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31-ல் முடிந்தபோது 191 வீடுகளும் நஷ்டஈடின்றி அரசிடம் திரும்பின. நம் சட்டம் அந்த அளவுக்குப் போகவில்லை: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், இடம் கையில் இருக்கும்வரை நீங்கள் கட்டியதைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறது சொத்து மாற்றுச் சட்டம். நிலையும் உத்தரமும் மிஞ்சும், அந்த மட்டில் ஆறுதல்.

இப்படி ஒரு வீட்டை வாங்கப் போகிறவர்களுக்கு: வில்லங்கச் சான்று மட்டும் போதாது. பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத கோயில் சொத்துக் கிரயத்தைச் சார்பதிவாளர் பதிய மறுக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுக்குமுன் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கோயில் அலுவலகத்தில் அறநிலையச் சட்டத்தின் 29-ஆம் பிரிவுப்படி வைத்திருக்கும் சொத்துப் பதிவேட்டில் அந்த சர்வே எண் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.