வகுத்தலுக்குச் செலவில்லை

தைராய்டு கட்டிக்கு ஆபரேஷன் என்று முடிவானால் ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி டெஸ்ட் எடுக்காமல் விடமாட்டார்கள். ஊதா மூடிக் குழாயில் 2, 3 மில்லி ரத்தம். சில நூறு ரூபாய். அந்த ரிப்போர்ட்டில் உள்ள நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் இரண்டும் வெள்ளை அணு வகைகள்; முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் என்எல்ஆர் என்ற அழற்சிக் குறியீடு. கூடுதல் செலவு 0. ஸ்லோவாகியாவின் ஜாஹோரெக் 2001-இல் இதைத் தீவிர சிகிச்சை நோயாளிகளுக்குத்தான் முன்வைத்தார். பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டியே ஆய்வு செய்துவிடலாம் என்ற வசதி, தைராய்டு கட்டி புற்றா இல்லையா என்று ஊகிக்கவும் இதை இழுத்து வந்தது.

ஒரு மாதிரிக் கணக்கு. வெள்ளை அணுக்கள் 7,000; நியூட்ரோஃபில் 60%, லிம்ஃபோசைட் 30%. அதாவது 4,200, 2,100. ஈவு 2. பிளேட்லெட் 2,50,000 என்றால் அதை 2,100-ஆல் வகுக்க வரும் பிஎல்ஆர் 119. அதே ஆள் வேறெதற்கோ ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறார். அணுக்கள் 11,000, நியூட்ரோஃபில் 80%, லிம்ஃபோசைட் 15%. ஈவு 5.3. கட்டி என்னவோ அதே கட்டிதான்.

அந்த ஆய்வுகளில் புற்றோடு ஒப்பிட எடுக்கும் 'சாதாரணக் கட்டி'க் கூட்டமும் ஒரே ரகமல்ல. 1912-இல் ஹாஷிமோட்டோ 4 பேரின் சுரப்பிகளில் விவரித்த அழற்சியும் புற்றில்லாத நோய்தான். அதில் லிம்ஃபோசைட்டுகள் குவிவது சுரப்பிக்குள். கையில் எடுத்த ரத்தம் அதைக் காட்டியே தீர வேண்டும் என்றில்லை. தைராய்டு புற்றில் ஒரு வகையான பாப்பில்லரி புற்றோடு சேர்ந்தும் அந்த அழற்சி இருக்கலாம்.

தைராய்டு கட்டிகளில் 7 முதல் 15% வரை புற்று. 100 பேரில் 10 என்று கொள்வோம். புற்றுள்ளவரில் 70%, இல்லாதவரில் 70% பேரைச் சரியாகச் சொல்லும் ஒரு குறியீடு இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அது 10-இல் 7 பேரைப் பிடிக்கும். புற்றில்லாத 90 பேரில் 27 பேரை வீணாகப் பயமுறுத்தும். எச்சரிக்கப்பட்ட 34 பேரில் நிஜம் 7. 'பயமில்லை' என்று அனுப்பிய 66 பேருக்குள் 3 புற்று. கட்டியில் ஊசி குத்தி செல் எடுக்கும் டெஸ்ட்டின் முடிவை வகைப்படுத்துவது பெதஸ்டா முறை; அதன் 2017 பதிப்பின்படி 2-ஆம் வகை வந்தால் புற்று வாய்ப்பு 0–3%. 6-ஆம் வகை வந்தால் 97–99%. ஊசிக்குப் பதில் வகுத்தல் என்ற பேச்சை இந்த வரவுசெலவு தாங்காது.

ரத்தத்தின் அழற்சி எண் உண்மையிலேயே பேசும் இடம் வேறு. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் தைராய்டு வீங்கி, தொட்டாலே உயிர்போகிற வலி. ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகமான ஈஎஸ்ஆர் 50-ஐத் தாண்டி, பலருக்கு 100-ஐயும் தொடும். டி குவெர்வெய்ன் அழற்சி அது. வலி மாத்திரை, தேவைப்பட்டால் சில வாரம் ஸ்டீராய்டு. கத்தி வேண்டியதில்லை.