இடிந்ததா? இடித்ததா?

மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் போகும் வழியில் இருக்கிறது, பசுமலை. மதுரையை அழிக்க வந்த மாயப் பசு ஒன்று நந்தியைக் கண்டு மயங்கி விழுந்தது. அதுவே மலையாயிற்று என்பது புராணக் கதை.

பசு அப்படி விழுந்ததை ஆங்கிலத்தில் சொல்ல ‘கொலாப்ஸ்’ என்ற ஒரு சொல் போதும். மனிதன் மயங்கி விழுந்தாலும் கொலாப்ஸ்தான். வீடு இடிந்தாலும் கொலாப்ஸ்தான். விலை சரிந்தாலும், வியாபாரம் நொடித்தாலும், பேச்சுவார்த்தை முறிந்தாலும் அதே சொல்தான்!

இது லத்தீன் மொழியிலிருந்து வந்தது. ‘எல்லாம் சேர்ந்து சரிதல்’ என்பது அதன் மூலப் பொருள். கடை வாசலில் இழுத்து மூடும் இரும்புக் கதவை ‘கொலாப்சிபிள் கேட்’ என்கிறார்கள் அல்லவா? அது உடைவதில்லை, மடங்கிச் சுருங்குகிறது. அதற்கும் இதே சொல்தான்.

தமிழில் எத்தனை சொல்!

தமிழில் விழும் பொருளுக்கு ஏற்றபடி சொல் மாறும். சுவர் இடியும். பானை உடையும். கிளை முறியும். மணல்மேடு சரியும். கண்ணாடி நொறுங்கும். பழைய துணி இற்றுப்போகும். ‘சுவர் முறிந்தது’ என்று சொன்னால் குழந்தையும் சிரிக்கும்.

ஓர் எழுத்தின் வேலை

இன்னொரு நுட்பமும் உண்டு. ‘இடிந்தது’ என்றால் தானாக விழுந்தது. ‘ந்’ போய் ‘த்’ வந்து ‘இடித்தது’ ஆனால், யாரோ விழச் செய்தார்கள் என்று பொருள். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. பானையைக் கீழே போட்ட பிள்ளை, “உடைந்து விட்டது” என்றுதான் சொல்லும். “உடைத்து விட்டேன்” என்று சொல்லாது!

மதுரை திருமலை நாயக்கர் மகாலைப் பாருங்கள். 1636-ல் கட்டிய அந்த அரண்மனையில் இன்று நிற்பது சுமார் நாலில் ஒரு பங்குதான். மற்றது இடிந்து போயிற்றா? இல்லை. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் பெரும்பகுதியை இடித்து, பொருள்களைத் திருச்சிக்குக் கொண்டு போனார். எஞ்சிய பகுதியைப் பழுது பார்க்க ஏற்பாடு செய்தவர், 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு.

‘கட்டடம் இடிந்தது’ என்று செய்தி வரும்போது, ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். சுவர் சும்மா இடிவதில்லை. மழைநீர் ஊறியிருக்கலாம், அடித்தளத்தை யாரோ தோண்டியிருக்கலாம், சிமெண்டைக் குறைத்திருக்கலாம். ‘இடிந்தது’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் ‘இடித்தது’ ஒளிந்திருக்கக் கூடும். கண்டுபிடிக்க, ஓர் எழுத்தைக் கவனித்தால் போதும்.