கார்ன்வால் கற்பிக்கும் வாக்குக் கணக்கு

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (கணிதம்) மாணவர்

இங்கிலாந்தின் பாராளுமன்றத்தைப் 'பாராளுமன்றங்களின் தாய்' என்று பள்ளி நாட்களிலிருந்தே படித்து வருகிறோம். ஒரு தொகுதியில் மற்றவர்களைவிட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றாலும் அவரே உறுப்பினர் என்னும் நம் தேர்தல் விதியும் அங்கிருந்து வந்ததே. ஆயின் அந்தத் தாய்வீட்டில் சாதாரண மக்களின் வாக்கு எவ்வளவு காலம் மதிப்பின்றிக் கிடந்தது என்பதைப் பாடப் புத்தகங்கள் இரண்டு வரிகளில் முடித்து விடுகின்றன. ஒரே ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டு அதன் தொகுதிக் கணக்கைப் பார்த்தால் இது தெளிவாக விளங்கும். அந்த மாவட்டம் கார்ன்வால். கணிதம் பயிலும் என்னை இந்த வரலாற்றுப் பக்கம் இழுத்தவை அதன் எண்களே.

எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தில் 'கவுண்டி' எனப்படுவது ஏறத்தாழ நம் மாவட்டத்தைப் போன்றது. நாட்டின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் நீண்ட முனையாக அமைந்திருப்பது கார்ன்வால். மற்றப் பக்கங்களில் கடலும் கிழக்கே டேமார் ஆறும் அதன் எல்லைகள். வெள்ளீயமும் செம்பும் தோண்டுவதும், மீன் பிடிப்பதும், உழவும் அம்மக்களின் பழந்தொழில்கள். ஆங்கிலத்திற்கு முற்பட்ட கெல்டிக் இனத்தைச் சேர்ந்த தனிமொழி ஒன்று அவர்களுக்கு உண்டு. அம்மொழியில் தங்கள் நாட்டைக் 'கெர்னோ' என்பர். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் ஏறக்குறைய 5 லட்சத்து 70 ஆயிரம் பேர். இன்று அவர்களுக்குக் காமன்ஸ் சபையில் 6 உறுப்பினர்கள்.

நாற்பத்து நான்கு உறுப்பினர்கள்!

இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்த எண் 6 அன்று, 44 ஆகும்! கார்ன்வாலில் 'பரோ' எனப்படும் தனியுரிமை பெற்ற ஊர்கள் 21 இருந்தன. ஊருக்கு இருவர் என 42 பேர், மாவட்டத்திற்கென இருவர், ஆக 44. அதே காலத்தில் ஸ்காட்லாந்து முழுவதற்கும் 45 உறுப்பினர்களே. ஆலைகள் பெருகி மக்கள் குவிந்த மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்ஸ் ஆகிய நகரங்களுக்குத் தனி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.

இந்த விந்தை எவ்வாறு நேர்ந்தது? அந்த 21 ஊர்களில் பாட்மின், ட்ரூரோ, ஹெல்ஸ்டன் முதலிய 6 ஊர்கள் மிகப் பழமையானவை. மற்ற 15 ஊர்களும் 16ஆம் நூற்றாண்டில் டியூடர் அரசர்கள் காலத்தில் உரிமை பெற்றவை. கார்ன்வாலில் அரச குடும்பத்திற்கு நிலமும் செல்வாக்கும் மிகுதி. ஆதலால் தமக்கு வேண்டியவர்களைச் சபைக்கு அனுப்ப அரசவைக்கு அது வசதியாக இருந்தது என்பர். பின்னர் அந்தச் செல்வாக்கு பெரிய நிலக்கிழார்களின் கைக்கு மாறியது. வாக்காளர் சிலரே, அவர்களும் வாக்கை ஊரறிய வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குடியிருக்கும் வீடும் உழும் நிலமும் நிலக்கிழாருடையவையாக இருக்கையில், அவருக்கு எதிராக வாய் திறப்பவர் யார்? இத்தகைய ஊர்களையே 'அழுகிய பரோக்கள்' என்று வரலாறு குறிக்கிறது.

ஆற்காட்டிலிருந்து மிட்செல்லுக்கு

இந்த இடத்தில் நம் மண்ணின் கதையும் குறுக்கிடுகிறது. 1751இல் ஆற்காட்டு முற்றுகையில் புகழ் பெற்ற ராபர்ட் கிளைவ், பெரும்பொருளோடு தாயகம் திரும்பி, 1754ஆம் ஆண்டுத் தேர்தலில் நின்றது கார்ன்வாலின் மிட்செல் என்னும் தொகுதியில்தான். மிட்செல் ஒரு சிற்றூர். அங்கே வெற்றி பெற்றார். ஆனால் தோற்றவர்கள் மனுக் கொடுத்தனர்; 1755இல் சபை அவருடைய தேர்தலைச் செல்லாதென ஆக்கியது. பதவியும் போய்ப் பணமும் கரைந்த கிளைவ், அதே ஆண்டில் மீண்டும் இந்தியாவுக்குக் கப்பலேறினார். கடலூரையடுத்த செயின்ட் டேவிட் கோட்டையின் ஆளுநர் பொறுப்பு அவருக்குக் காத்திருந்தது. இரண்டே ஆண்டுகளில், 1757இல், பிளாசிப் போர் நிகழ்ந்தது.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டினப் போரில் பங்கு கொண்ட ஆர்தர் வெல்லெஸ்லியும் 1807இல் சிறிது காலம் இதே மிட்செல்லின் உறுப்பினராக இருந்தார். பிற்காலத்தில் வெலிங்டன் கோமகனாகிப் பிரதமர் பதவியில் அமர்ந்த இவர், 1830இல் இந்தத் தேர்தல் முறைக்குத் திருத்தமே தேவையில்லை என்று சபையில் கூறினார். சில நாட்களிலேயே அவருடைய ஆட்சி கவிழ்ந்தது.

எண் இறங்கியது, உரிமை ஏறியது

முதலில் வீழ்ந்தது கிராம்பவுண்ட் என்னும் பரோ. 1818ஆம் ஆண்டுத் தேர்தலில் அங்கு வாக்காளர்களுக்குக் கையூட்டு வழங்கப்பட்டது மெய்ப்பிக்கப்பட்டது. அதற்குக் காரணமான சர் மனாசே லோப்பஸ் என்பவருக்குச் சிறைத் தண்டனையும் 10,000 பவுன் அபராதமும் விதிக்கப்பட்டன. 1821இல் அந்த ஊரின் உரிமை பறிக்கப்பட்டு, அதன் இரண்டு இடங்களும் யார்க்ஷயருக்கு வழங்கப்பட்டன.

1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் கார்ன்வாலின் மேலும் 13 பரோக்களை ஒழித்தது. உறுப்பினர் எண்ணிக்கை 14 ஆயிற்று. 1872இல் மறைவு வாக்கு முறை வந்தது. 1884ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிராமப் புறத்துச் சுரங்கத் தொழிலாளர்களும் பண்ணையாட்களும் பெருமளவில் வாக்குரிமை பெற்றனர். அடுத்த ஆண்டு தொகுதிகள் 7ஆகத் திருத்தியமைக்கப்பட்டன. அந்த 1885ஆம் ஆண்டுத் தேர்தலிலேயே, கேம்போர்ன் தொகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் பலத்தைக் காட்டினர். லிபரல் கட்சியின் வேட்பாளரை விட்டுவிட்டுக் கானிபியர் என்னும் தீவிரவாதச் சிந்தனையாளரைத் தேர்ந்தெடுத்தனர்.

1918இல் 30 வயது நிரம்பிய பெண்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமை கிடைத்தது. கார்ன்வாலின் தொகுதிகள் 5 ஆயின. 1928இல் ஆண்களுக்கு ஒப்பாகப் பெண்களும் 21 வயதில் வாக்குரிமை பெற்றனர். அதே ஆண்டு செயின்ட் ஐவ்ஸ் இடைத்தேர்தலில் ஹில்டா ரன்சிமன் என்னும் பெண்மணி வெற்றி பெற்றது பொருத்தமான நிகழ்ச்சியே. 2010 முதல் தொகுதிகள் 6.

44 இடங்கள் இருந்தபோது கார்ன்வாலின் ஏழைக்கு ஒரு குரலும் இல்லை; 7 ஆகக் குறைந்தபோது குரல் கிடைத்தது. இடங்களின் எண்ணிக்கை வேறு, மக்களின் உரிமை வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எந்தக் கட்சியின் கோட்டை?

கார்ன்வால் நெடுங்காலம் லிபரல் கட்சியின் பக்கம் சாய்ந்திருந்தது. இதற்கு இரண்டு காரணங்கள் கூறலாம். ஒன்று, அரசாங்கத் திருச்சபையினின்று வேறுபட்ட மெதடிஸ்ட் சமயப் பிரிவு அங்கு வேரூன்றியது. மற்றொன்று, 1860களிலிருந்து செம்புச் சுரங்கங்கள் சரிந்து, தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கடல் கடந்து போய்விட்டனர். அதனால் மற்றச் சுரங்க மாவட்டங்களைப்போல் தொழிற்கட்சி இங்கு வலுப்பெறவில்லை.

1929இல் 5 தொகுதிகளையும் லிபரல் கட்சியே வென்றது. பின்னர் அக்கட்சி நாடெங்கும் தேய்ந்து, 1951இல் மொத்தம் 6 உறுப்பினர்களோடு நின்றது. ஆயினும் 1964இல் பாட்மினிலும் 1966இல் வடக்குக் கார்ன்வாலிலும் மீண்டும் துளிர்த்தது. 1974 அக்டோபரில் ட்ரூரோவில் வென்ற டேவிட் பென்ஹாலிகன், கட்சி பேதமின்றி மக்களின் அன்பைப் பெற்றவர். 1986இல் அவர் கார் விபத்தில் மாண்டபின் நடந்த இடைத்தேர்தலில் மாத்யூ டெய்லர் வென்றார். அப்போது அவருக்கு வயது 24, சபையிலேயே இளையவர்.

1997இல் கன்சர்வேடிவ் கட்சிக்கு இங்கு ஓரிடமும் இல்லை. 2005இல் 5 இடங்களும் லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு. 2010இல் இரு கட்சிகளுக்கும் மும்மூன்று. 2015, 2017, 2019 ஆகிய மூன்று தேர்தல்களிலும் 6 இடங்களும் கன்சர்வேடிவ் கட்சிக்கு. 2024இல் தொழிற்கட்சிக்கு 4, லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 2, கன்சர்வேடிவ் கட்சிக்கு மீண்டும் சுழி! ஆகவே எந்தக் கோட்டையும் நிலையன்று.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 2005இல் எல்லா இடங்களையும் பிடித்த கட்சியும் சரி, 2015இல் பிடித்த கட்சியும் சரி, மாவட்டத்தின் மொத்த வாக்குகளில் பாதியைக்கூடப் பெறவில்லை. எதிர்த்து நின்றவர்களிடையே வாக்குகள் சிதறின. முதலில் வந்தவர் முழுவதையும் பெற்றார். நம் தேர்தல்களிலும் இதே கணக்குத்தான்.

ஒன்பது வாக்குகள்

'என் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடப் போகிறது?' என்று கேட்போருக்குக் கார்ன்வால் விடை சொல்கிறது. 1974 பிப்ரவரியில் பாட்மின் தொகுதியில் பால் டைலர் வென்றது 9 வாக்குகளில்! அதே ஆண்டு அக்டோபரில் அவர் தோற்றார். பென்ஹாலிகன் முதன்முறை வென்றது 464 வாக்குகளில். 2010இல் கேம்போர்ன்-ரெட்ரூத்தில் வித்தியாசம் 66. 2017இல் செயின்ட் ஐவ்ஸில் 312. ஒரு தெருவினர் வீட்டிலேயே இருந்துவிட்டால் போதும், முடிவு மாறியிருக்கும்.

ஆற்றைத் தாண்டலாமா?

2011இல் ஒரு புதிய சட்டம் வந்தது. உறுப்பினர் தொகை 650இலிருந்து 600ஆகக் குறைய வேண்டும். ஒவ்வொரு தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கையும் சராசரியிலிருந்து 5 சதவீதத்திற்கு மேல் விலகக்கூடாது. இந்தக் கணக்கின்படி கார்ன்வாலின் ஒரு பகுதியை ஆற்றுக்கு அப்பாலுள்ள டெவன் மாவட்டத்தோடு இணைத்தாக வேண்டும். மக்கள் கொதித்தெழுந்தனர். மொழியும் வரலாறும் வேறான தங்களை ஒரு வகுத்தல் கணக்குக்காகக் கலப்பதா என்று கேட்டனர். 2014இல் கார்ன்வால் மக்கள் தேசியச் சிறுபான்மையினராக ஏற்கப்பட்டது இவ்வாதத்திற்கு மேலும் வலுவூட்டியது. 2013இல் தள்ளிவைக்கப்பட்ட திட்டம் 2018இல் மீண்டும் தலைதூக்கியது. இறுதியில் 2020ஆம் ஆண்டுச் சட்டம் 650 என்னும் எண்ணையே நிலைநிறுத்தவே, ஆற்றைத் தாண்டாமல் 6 தொகுதிகள் தப்பின.

இவ்வழக்கில் இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. எண்ணை மறந்த காலத்தில் மான்செஸ்டர் ஊமையாய்க் கிடந்தது. எண்ணை மட்டுமே நினைத்தபோது ஒரு மக்களினம் தன் முகம் அழியுமோ என்று அஞ்சியது. சமமாக வகுப்பது கணிதத்தில் எளிது. மனிதர்களை வகுக்கும்போது மீதி என்று ஒன்று நின்றுவிடுகிறது. அந்த மீதியையும் எண்ணிப் பார்ப்பதே அரசியல் அறிவு.

நமக்கு என்ன?

கார்ன்வாலின் சுரங்கத் தொழிலாளி வாக்குரிமைக்காக 1884 வரையில் காத்திருந்தார்; அவர் வீட்டுப் பெண் 1918 வரையில் காத்திருந்தாள். நம் நாட்டிலோ 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலிலேயே, படித்தவர் படிக்காதவர், நிலமுள்ளவர் இல்லாதவர், ஆண் பெண் என்ற வேறுபாடின்றி 21 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. 1989 முதல் வயது 18 ஆயிற்று. என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எனக்கு முந்திய தலைமுறையினர் எழுத்தறியாதவர்கள். ஆயினும் வாக்குச் சாவடியில் அவர்கள் எவருக்கும் குறைந்தவர்களாக நிற்கவில்லை. பட்டம் எங்கள் வீட்டுக்கு இப்போதுதான் வருகிறது. வாக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது.

மாணவ நண்பர்களே! நம்மில் 18 வயது நிரம்பியும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்காதவர் பலர் உள்ளனர். விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது முதல் வேலையாக அதைச் செய்து முடியுங்கள். பாட்மினில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே இருந்தது ஒன்பதே வாக்குகள். நம் விடுதியின் ஓர் அறையில் இருப்போரும் அடுத்த அறையில் இருப்போரும் சேர்ந்தால் அந்த எண்ணிக்கை ஆகிவிடும்.