ஆர்.என்.ஏ.யின் மறைந்த புள்ளிகள்

பாடப்புத்தகத்தில் முக்கியமான சொற்களின் மேல் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறீர்கள். நண்பர் ஒருவர் அப்பக்கத்தைப் பார்த்துத் தம் நோட்டில் எழுதிக்கொள்கிறார். சொற்கள் எல்லாம் வந்துவிடும், புள்ளிகள் வரமாட்டா. அவருடைய நோட்டைப் பார்த்து, நீங்கள் புள்ளி வைத்த இடங்களைக் கூற முடியுமா? ஆர்.என்.ஏ.யை ஆராய்ந்தவர்களும் நீண்ட காலம் இந்நிலையில்தான் இருந்தார்கள்.

டி.என்.ஏ.யிலுள்ள செய்தியைப் புரதம் உருவாகும் இடத்திற்கு எடுத்துச் செல்வது தூது ஆர்.என்.ஏ. என்பதை அறிவீர்கள். அதன் நான்கு எழுத்துகளில் ஒன்று அடினோசின். சில அடினோசின்களின் ஆறாம் இடத்து நைட்ரஜனோடு ஒரு மெத்தில் தொகுதி சேர்ந்திருப்பது 1974ஆம் ஆண்டிலேயே தெரியவந்தது. இதுவே நாம் சொன்ன புள்ளி. ஆனால் எந்தெந்த இடங்களில்? எழுத்து வரிசையைப் படிக்க, ஆர்.என்.ஏ.யை ஒரு நொதியால் டி.என்.ஏ.யாகப் படியெடுப்பது வழக்கம். அந்நொதிக்கு மெத்தில் அடினோசினும் ஒன்றுதான், சாதாரண அடினோசினும் ஒன்றுதான். புள்ளி மறைந்துவிடும்.

இங்கேதான் எதிர்ப்பொருள் கைகொடுத்தது. உடலில் நுழையும் அன்னியப் பொருளை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதம் அது. மெத்தில் அடினோசின் மிகச் சிறிய மூலக்கூறு. தனியே செலுத்தினால் உடல் அதைப் பொருட்படுத்தாது. ஆகவே அதை ஒரு பெரிய புரதத்தோடு பிணைத்து முயலுக்கு ஊசி போடுகிறார்கள். சில வாரங்களில் முயலின் இரத்தத்தில் அதற்குரிய எதிர்ப்பொருள் உண்டாகிறது.

இனி சோதனையைக் காண்போம். செல்களிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ.யைச் சுமார் 100 எழுத்து நீளமுள்ள துண்டுகளாக்குகிறார்கள். எதிர்ப்பொருளைச் சேர்த்தால், அது மெத்தில் உள்ள துண்டுகளைப் பற்றிக்கொள்கிறது. எதிர்ப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் காந்த மணிகளை இட்டு, காந்தத்தால் இழுத்து, மற்றவற்றைக் கழுவிவிடுகிறார்கள். எஞ்சிய துண்டுகளைப் படித்தால் புள்ளி இருக்கும் பகுதிகள் தெரியும். 2012இல் இஸ்ரேலிலும் நியூயார்க்கிலும் இரு குழுவினர் இம்முறையைக் கையாண்டனர். மனிதரின் 7,000க்கும் மேற்பட்ட மரபணுக்களின் ஆர்.என்.ஏ.யில் இப்புள்ளிகள் இருப்பதும், புரதச் செய்தி முடியும் இடத்தருகே அவை மிகுந்திருப்பதும் வெளிப்பட்டன. புள்ளி பெற்ற தூது ஆர்.என்.ஏ.க்கள் பல, செல்லில் விரைவாகச் சிதைக்கப்படுகின்றன என்பதும் பின்னர் தெரிந்தது.

ஆனால் எதிர்ப்பொருள் ஏமாறுவதும் உண்டு. அடினோசினின் முதலாம் இடத்தில் மெத்தில் சேர்ந்த வேறொரு வகை, பல தூது ஆர்.என்.ஏ.க்களின் தொடக்கப் பகுதியில் இருப்பதாக 2016இல் ஆய்வுகள் கூறின. அதைக் காட்டியதும் ஓர் எதிர்ப்பொருளே. தூது ஆர்.என்.ஏ.யின் முன்முனையில் மெத்தில் ஏறிய குவானோசின் ஒரு தொப்பிபோல் இயல்பாகவே இருக்கும். அந்த எதிர்ப்பொருள் தொப்பியையும் பற்றிக்கொள்கிறது என்று 2019இல் கண்டறிந்தார்கள். புள்ளி என்று எண்ணியவற்றில் பெரும்பாலானவை தொப்பிகளே!

ஆகவே, எதிர்ப்பொருள் பிடித்துத் தந்ததை வேறொரு முறையாலும் சரிபார்ப்பது இன்று அவசியமாகிறது. மெத்தில் இல்லாத அடினோசின்களை மட்டும் வேதிவினையால் வேறு எழுத்தாக மாற்றிவிட்டு, மாறாமல் நின்றவற்றை எண்ணும் முறை 2022இல் வெளிவந்தது. அதற்கு எதிர்ப்பொருளே தேவையில்லை. இரு வேறு வழிகளும் ஒரே இடத்தைக் காட்டினால், அங்கே புள்ளி இருக்கிறது என்று நாம் துணிந்து சொல்லலாம்.